சோறாக்க ஒரு காலேஜா? ராஜம்மாள் தேவதாஸ் பற்றிச் சில குறிப்புகள்

எங்கள் ஊர் தளவானூரின் பெயரைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் குடைவரையைத் தேடி வருகிறவர்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேஸ்வரம், வாயிலுக்கு மேலே அந்த மகர தோரணம், இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள். நானும் இதுவரை கல்லையும் கல்வெட்டையும் செஞ்சிக் கோட்டையையும் சுற்றிச் சுற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த முறை கல்லை விட்டுவிட்டுக் கீரைக்கு வருகிறேன். காரணம் ஒரு பழைய நோட்டு.

என் அக்கா பிளஸ் டூ முடித்ததும் மனையியல் படிக்கப் போகிறேன் என்றாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா கேட்ட கேள்வி இன்னும் எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி புழங்குகிறது: "சோறாக்கக் கத்துக்க ஒரு காலேஜா? அதை உங்க அம்மாளே கத்துக்குடுத்துடுவாளே." எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அக்கா சிரிக்கவில்லை. படித்தாள், முடித்தாள், கல்யாணமாகிப் போனாள். அவள் நோட்டுகள் பரணிலேயே கிடந்தன. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அதில் ஒன்று என் கையில் சிக்கியது. நாலு பக்கத்துக்கு ஒரு தடவை ஒரே பெயர் வருகிறது: ராஜம்மாள் பா. தேவதாஸ். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தால், ஆள் நம்ம பக்கத்து ஊர்!

பக்கத்து ஊர் என்றால் செங்கம். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போய், அங்கே இன்னொரு பஸ் மாறினால் இரண்டு மணி நேரம். 1919 ஏப்ரலில் அங்கே பிறந்தவர். இன்றைய செங்கத்தில் அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? நான் கேட்ட நாலைந்து பேருக்குத் தெரியவில்லை. செஞ்சியில் தேசிங்கு ராஜாவின் குதிரைக்குக்கூடப் பெயர் தெரியும் நமக்கு.

சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்து 1944ல் பட்டம் வாங்கினார். பிறகு அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம். உணவியலில் ஒரு முதுகலை, மனையியல் கல்வியில் இன்னொன்று, 1950ல் ஊட்டச்சத்து இயலில் முனைவர் பட்டம். சுதந்திரத்துக்கு முன்னும் பின்னுமான அந்த வருஷங்களில் செங்கத்திலிருந்து ஒரு பெண் ஓஹையோ வரைக்கும் போயிருக்கிறார் என்பதை நான் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஓஹையோ என்பது தற்செயலான தேர்வு இல்லை என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் அரசு நிலம் கொடுத்துத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று. விவசாயியின் வயலுக்கு வேதியியலைக் கொண்டுபோவது அந்தப் பல்கலைக்கழகங்களின் வேலை. விவசாயியின் மனைவிக்கு அதே வேதியியலைக் கொண்டுபோக உருவானதுதான் அங்கத்திய மனையியல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேதியியல் துறையில் பெண்ணுக்கு வேலை தர யோசித்த காலத்தில், "சமையல்" என்ற பலகையை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தால் சோதனைச்சாலை, தராசு, எலிக்கூண்டு எல்லாம் கிடைத்தது. நம் ஊரிலும் அதேதான். டில்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932ல் வந்தது, பரோடாவில் ஹன்சா மேத்தா துணைவேந்தராக இருந்தபோது மனையியல் புலம் வந்தது. பெண்களை அடுப்படியிலேயே கட்டிப்போடும் படிப்பு என்று மனையியல்மேல் ஒரு விமர்சனம் உண்டு. பாதி உண்மைதான். மீதிப் பாதி, தாத்தாவுக்குத் தெரியாத பாதி, அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த சோதனைச்சாலை.

திரும்பி வந்தவர் பரோடாவில் பாடம் நடத்தினார். பிறகு மத்திய உணவு, விவசாய அமைச்சகத்தில் தலைமை மனையியல் அலுவலர். 1952ல் தொடங்கிய சமூக வளர்ச்சித் திட்டம் சூடுபிடித்திருந்த நேரம் அது. கிராமத்துக்கு ஒரு கிராம சேவகர் மாதிரி பெண்களிடம் பேசக் கிராம சேவிகைகள் தேவைப்பட்டார்கள். அவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது, யார் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் அன்றைய மனையியல்காரர்கள் முன்னால் இருந்த கேள்வி.

இந்தக் கேள்வி ஏன் பெரிசு என்று புரிய, நீலகிரிக்கு ஒரு நடை போய் வரவேண்டும். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கி வைத்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இருந்தது (பிறகு ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது). மெக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். இந்திய உணவுப் பொருட்களில் எதில் எவ்வளவு புரதம், எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு இரும்பு என்று அட்டவணை அட்டவணையாக. கேழ்வரகு, கம்பு, முருங்கைக்கீரை எல்லாம் அதில் எண்ணாகிவிட்டன. ஆனால் கேழ்வரகைக் கூழாக்கிக் குடித்துக்கொண்டிருந்த வீட்டுக்கு அந்த எண் எப்படிப் போய்ச் சேரும்? அதற்கு அங்கே ஆளில்லை. அட்டவணைக்கும் அடுப்புக்கும் நடுவில் இருந்த இந்த இடைவெளியில்தான் தேவதாஸின் வாழ்நாள் வேலை முழுக்க நடந்தது.

கோயம்புத்தூரில் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1957ல் பெண்களுக்காக ஒரு மனையியல் கல்லூரி ஆரம்பித்திருந்தார். சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர், தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு வழிவகுத்தவர், காந்தியர். டில்லி வேலையை விட்டுவிட்டு 1960களின் தொடக்கத்தில் தேவதாஸ் அங்கே முதல்வராக வந்தார். கடைசி வரைக்கும் அதுதான் அவர் இடம். 1988ல் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனபோது துணைவேந்தர், பிறகு வேந்தர். 1992ல் பத்மஸ்ரீ. 2002ல் இறந்தார். மாநிலத் திட்டக்குழு, உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு என்று பதவிகள் நிறைய. அவற்றைப் பட்டியல் போட எனக்கு ஆர்வமில்லை. அந்தக் கல்லூரியிலிருந்து 1964 முதல் ஓர் ஊட்டச்சத்து ஆய்விதழ் வந்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தில்லி, பம்பாயிலிருந்து இல்லை, கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் என்ன தின்றார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அதன் பழைய இதழ்களைப் புரட்டாமல் இருக்க முடியாது.

இனி கீரை.

மாலைக்கண் என்றால் இப்போது பிள்ளைகளுக்குத் தெரியாது. என் பெரியம்மாவுக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும் பிள்ளை ஒன்றாவது ஒவ்வொரு தெருவிலும் இருக்குமாம். வைட்டமின் ஏ போதாததால் வருவது. முற்றினால் கருவிழி வெந்து பார்வையே போய்விடும். 1970ல் மத்திய அரசு இதற்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது: ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு லட்சம் யூனிட் வைட்டமினை ஒரே வாயாகக் குழந்தைக்கு ஊற்றிவிடுவது. வேகமான வழி. ஆனால் மருந்து வரவேண்டும், ஆள் வரவேண்டும், பிள்ளை அன்றைக்கு வீட்டில் இருக்கவேண்டும்.

இன்னொரு வழி வேலியோரத்திலேயே முளைத்துக்கிடந்தது. கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏவாக மாற்றிக்கொள்ளும். இது அட்டவணையில் இருக்கும் செய்தி. ஆனால் ஏற்கெனவே மெலிந்து, வயிற்றில் பூச்சியோடு இருக்கும் நாலு வயசுப் பிள்ளையின் குடல் அந்தக் கரோட்டினை எடுத்துக்கொள்ளுமா? அட்டவணையில் பதில் இல்லை. பிள்ளைகளுக்குக் கீரை கொடுத்து அளந்து பார்க்கவேண்டும். வேலூரில் ஷீலா பெரேராவும் ஹைதராபாத்தில் வினோதினி ரெட்டி குழுவினரும் அளந்தார்கள். கோயம்புத்தூரில் தேவதாஸ் அளந்தார். கவனித்தீர்களா, மூன்று இடத்திலும் பெண்கள். 1978ல் தண்டுக்கீரை பற்றி ஒரு கட்டுரை, 1980ல் தண்டுக்கீரையையும் பப்பாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொரு கட்டுரை. பள்ளிக்குப் போகாத வயசுப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. இரண்டிலிருந்தும் பிள்ளைகளுக்குச் சத்து கிடைக்கிறது என்பதே அவற்றின் சேதி. 'கீரை சாப்பிட்டால் கண்ணுக்கு நல்லது' என்று அங்கன்வாடிச் சுவரில் எழுதியிருந்த வரிக்குப் பின்னால் இப்படி அளந்த கைகள் இருந்தன.

இங்கேயே நிறுத்தினால் பாராட்டுக் கட்டுரை ஆகிவிடும். கதை அதற்கப்புறம் திரும்புகிறது. 1995ல் லான்செட் இதழில் இந்தோனேஷியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. பால்கொடுக்கும் தாய்மார்களுக்குத் தினமும் கரும்பச்சைக் கீரை கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் ஏ நிலையில் முன்னேற்றமே இல்லை. அதே அளவு கரோட்டினைப் பிஸ்கட்டில் கலந்து கொடுத்தவர்களுக்கு நன்றாக ஏறியது. பெரிய கலக்கம். பழைய ஆய்வுகள் பலவற்றின் அமைப்பில் குறை இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கும் குழு சரியாக இல்லை என்றெல்லாம் பேச்சு எழுந்தது. குடலில் மறைந்தது எவ்வளவு என்று கணக்குப் போடுவது வேறு, அதில் எவ்வளவு வைட்டமினாக மாறியது என்பது வேறு. ஆறு மைக்ரோகிராம் கரோட்டினுக்கு ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் என்று இருந்த பழைய கணக்கை அமெரிக்கர்கள் 2001ல் பன்னிரண்டுக்கு ஒன்று என்று மாற்றினார்கள். நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010ல் எட்டுக்கு ஒன்று என்று வைத்தது. இந்தோனேஷியக் குழுவே 1998ல் இன்னொன்றும் கண்டது: இலையை விடப் பழத்திலிருக்கும் கரோட்டின் நன்றாகச் சேர்கிறது. இலையில் அது பச்சையத்தோடு பின்னிக் கிடக்கிறது, பழத்தில் எளிதாகக் கழன்று வருகிறது. கீரையையும் பப்பாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த கேள்வி கோயம்புத்தூரில் அதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே கேட்கப்பட்டுவிட்டது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். பிறகு 2004ல் வங்காளதேசத்தில், ஐசோடோப் முறையில், பசலைக்கீரை உடம்பின் வைட்டமின் ஏ இருப்பைக் கூட்டுகிறது என்று காட்டினார்கள். ஆக, கீரை தோற்கவில்லை. ஆனால் சுவரில் எழுதிய வரி அளவுக்குச் சுலபமாகவும் இல்லை.

சுலபமில்லாததற்கு ஒரு முக்கியமான காரணம் எண்ணெய். கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். 1980லேயே ஹைதராபாத்தில் குழந்தைகளுக்குக் கீரையைக் கொழுப்பு சேர்த்தும் சேர்க்காமலும் கொடுத்துப் பார்த்தார்கள். சேர்த்தபோது இரத்தத்தில் வைட்டமின் ஏ கூடுதலாக ஏறியது. ரொம்ப வேண்டாம், ஒரு டீஸ்பூன் போதும்.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது சத்துணவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "ஏம்பா, கீரை ஓசி. எண்ணெய் காசு. நாங்க கீரைய வேவவெச்சு உப்பும் மொளகாயும் போட்டுக் கடைஞ்சா அதுக்கு எதுக்கு எண்ணெய்? தாளிக்கிறதெல்லாம் பொங்க தீவாளிக்கு." மல்லாட்டை விளைகிற ஊர் எங்களுடையது. செஞ்சி கமிட்டிக்கு மூட்டை மூட்டையாய்ப் போகும். விளைவித்த வீட்டில் எண்ணெய் கிடையாது.

ஊட்டச்சத்துக் கல்வி என்ற மொத்த வேலையின் மீதும் விழுகிற கேள்வி இது. அறியாமையால்தான் ஏழை வீட்டுப் பிள்ளை மெலிகிறது என்று ஒரு கட்சி. காசு இல்லாததால் மெலிகிறது, தாய்க்குப் பாடம் எடுப்பது அவளையே குற்றவாளி ஆக்குவது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சிதான். ஆனால் தேவதாஸைப் படிக்கப் படிக்க, அவரை முதல் கட்சியில் தூக்கிப் போட முடியவில்லை. அவர் கையாண்ட பொருட்களைப் பாருங்கள்: தண்டுக்கீரை, பப்பாளி, சோளம், கேழ்வரகு, பாசிப்பருப்பு, வேர்க்கடலை, வெல்லம். ஆப்பிளும் ஆர்லிக்ஸும் இல்லை. கூலிக்குப் போகும் ஒரு பெண் எட்டித் தொடக்கூடியதிலிருந்துதான் தொடங்குகிறார்.

1970களில் அங்கே உருவான 'குழந்தை அமுது' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தானியம், பருப்பு, வேர்க்கடலை ஆகியவற்றை வறுத்துப் பொடித்து வெல்லம் சேர்த்த மாவு. நம் பாட்டிகளின் சத்துமாவுதானே என்று கேட்கலாம். அதேதான், கணக்கோடு. தாய்ப்பாலோடு கஞ்சி ஆரம்பிக்கும் ஆறாவது மாதத்திலிருந்து பிள்ளை மெலியத் தொடங்குவது ஏன்? கஞ்சி தண்ணீர். ஒரு வயசுப் பிள்ளையின் வயிறு ஒரு சின்னக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தில் நீர்த்த கஞ்சியை எத்தனை தடவை நிரப்பினாலும் வேண்டிய சக்தி சேராது. வேர்க்கடலையின் கொழுப்பும் வெல்லமும் அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள் சக்தியை அடர்த்தியாக்குகின்றன. தானியத்தில் குறையும் லைசினைப் பருப்பு ஈடுகட்டுகிறது, பருப்பில் குறைவதைத் தானியம். (கடலை ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்ததாக இருக்கக் கூடாது. அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைப் பிடிக்கும். எங்கள் பக்கம் சொத்தைக் கடலையைப் பொறுக்கித் தனியாக வைத்து, பிறகு அதையும் வறுத்துத் தின்றுவிடுவோம்!)

இந்த ஆறு மாதம் முதல் மூன்று வயது வரைக்குமான பிள்ளைதான் தமிழ்நாட்டின் உணவுத் திட்டங்களில் ரொம்ப நாள் கண்ணில் படாமல் இருந்தது. காமராஜர் 1956ல் தொடங்கிய மதிய உணவு, பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு. 1973ல் அமெரிக்க உதவியோடு வந்த தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு, பால் மறக்கும் வயசுப் பிள்ளைகள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்று எடுத்துச் சொன்னது. அதன் விளைவாக 1980ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் உலக வங்கிக் கடனில் இன்னொரு திட்டம் ஆரம்பமானது: மூன்று வயசுக்குள்ளான பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவது, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை, தாய்க்கு எடை அட்டையைக் காட்டி விளக்கம். சோறு, படிப்பு இரண்டும் ஒரே கையில். இரண்டு வருஷம் கழித்து 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிவைத்தார், அது கடல் மாதிரி விரிந்தது. அரசுக் கஜானா காலியாகும், ஓட்டுக்காக என்று பத்திரிகைகளும் பொருளாதாரம் படித்தவர்களும் திட்டிய காலத்தில், தேவதாஸ் அந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு தனி அறிக்கை எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதைத் தேடிப் படித்து மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர், தட்டில் சோறு போடும் திட்டத்தைப் பொருட்படுத்தி எழுதினார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நான் அந்தச் சோற்றைத் தின்றவன். அலுமினியத் தட்டைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கிறது. சாம்பாரில் மிதந்த முருங்கைக்கீரையை விரலால் ஒதுக்கித் தட்டின் ஓரத்தில் ஒட்டவைப்போம். பெரியம்மா பார்த்துவிட்டால் கரண்டிக் காம்பால் தலையில் ஒன்று விழும். அந்த அடிக்கு இவ்வளவு பெரிய பின்னணி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது அக்காவுக்குப் போன் போட்டேன். உன் நோட்டு கிடைச்சிருக்கு, உன் ராஜம்மாள் பத்திதான் எழுதிக்கிட்டிருக்கேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அவங்க ஒருதரம் எங்க காலேஜுக்கு வந்து பேசினாங்கடா. கதர்ப் புடவை மாதிரி ஏதோ கட்டிக்கிட்டு. நான் மூணாவது வரிசை" என்றாள். எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். பெரியம்மா சொன்னதையும்.

"நோட்டுல கீரைப் பொரியல் பிராக்டிகல் இருக்கும் பாரு. எண்ணெய் எவ்வளவு போட்டிருக்கேன்?"

புரட்டிப் பார்த்தேன். தண்டுக்கீரை 50 கிராம், வெங்காயம் 10 கிராம், தேங்காய் 5 கிராம், எண்ணெய் 5 கிராம். எண்ணெய்க்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் டீச்சர் கையெழுத்தில், 'விட்டுவிடக் கூடாது'.